பச்சை சோயா மொச்சையில் பத்து நிமிடக் கார வறுவல்

உழவர் பெருமக்களுக்கு மொச்சை புதிதல்ல. தை பிறந்துவிட்டால் செங்கற்பட்டு வட்டாரத்தில் மொச்சைக் குழம்பில்லாத வீட்டைக் காண்பது அரிது. பச்சைக் கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் தோலைப் பிதுக்கி எடுத்து, பிதுக்குப் பருப்பாகச் சமைக்கும் கைப்பழக்கம் நம் தாய்மார்களுக்கு உண்டு. அந்தக் கைக்கு எளிதில் வசப்படும் இன்னொரு பயறு சோயா மொச்சை. இதை முற்றவிட்டு எண்ணெய்க்கும் மாவுக்கும் அனுப்புவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறோம். காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து வேகவைத்து உண்ணலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஜப்பானியர் இதை 'எடமாமே' என்கிறார்கள். கிளைப் பயறு என்று பொருள். காயைக் கிளையோடு ஒடித்து விற்றதால் வந்த பெயர். சென்னையின் பெரிய கடைகளில் இதே பெயரில் உறைய வைத்த பைகளில் விற்கிறார்கள். பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கும் கல்லூரி மாணவர்களில் சிலருக்குக்கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அதே ஊரில் கிணறும் நாலு சென்ட் நிலமும் வைத்திருப்பவருக்கு இதைத் தம் வரப்போரத்திலேயே விளைவித்துக்கொள்ளலாம் என்பது எட்டவில்லை.

சோயா மொச்சையை நம் நாட்டுச் சமையலறைக்குள் கொண்டுவர முயன்றவர்களில் காந்தியடிகளும் ஒருவர். 1935-இல் வார்தா மகன்வாடியில் உடனிருந்தவர்களின் உணவில் சேர்த்துப் பார்த்து, 'ஹரிஜன்' இதழிலும் எழுதினார். அப்படியும் அது வீடுகளில் பரவவில்லை. முற்றிய விதை எளிதில் வேகாது, அதில் ஒரு பச்சை வாடையும் உண்டு. பச்சைக் காயில் இந்த இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறைவு.

எப்போது பறிப்பது?

சுவையில் பாதி பறிக்கும் நாளில் இருக்கிறது. விதைத்த 70 முதல் 80 நாட்களில், இரகத்தைப் பொறுத்து, காய் பச்சைப் பக்குவத்துக்கு வரும். காயை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கொட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு காயை நிறைத்திருக்க வேண்டும். காயின் நிறம் நல்ல பச்சையாகவே இருக்க வேண்டும். இலேசாக மஞ்சள் தட்டினாலும் இனிப்புக் குறைந்து கொட்டை இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தப் பக்குவம் சுமார் ஒரு வாரமே நிற்கும். நாளைக்குப் பறிக்கலாம், சந்தைக்குப் போகும்போது பறிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் கையில் மிஞ்சுவது பருப்புதான்.

பறித்த காயில் சர்க்கரை மணிக்கு மணி குறையும். ஆகவே காலை இளவெயிலில் பறித்து அன்றே அடுப்பேற்றுவது நல்லது. காத்திருக்க வேண்டி வந்தால் காயைத் தனியே பறிக்காமல் செடியோடு பிடுங்கி, வேரைக் கழுவி, நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள்.

வேகவைக்கும் முறை

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு கிலோ காய் போதும். உரித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ கொட்டை கிடைக்கும். காயின் மேல் மெல்லிய சுணை இருக்கும். கல் உப்பை ஒரு பிடி போட்டு இரு கைகளாலும் தேய்த்துக் கழுவினால் சுணை போய்விடும்.

அகன்ற பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, காயை முழுசாகவே கொட்டுங்கள். கொதி வந்த பின் ஆறு முதல் எட்டு நிமிடம் வேகட்டும். ஒரு கொட்டையை எடுத்து நசுக்கினால் மசிய வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் பத்து நிமிடம் வேகவைக்கலாம். உடனே வடித்துக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிவிட்டு, காயின் நுனியை அழுத்தினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பிதுக்குப் பருப்புப் பிதுக்கிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பச்சையாக உரித்து வேகவைத்தால் என்ன என்று கேட்பார்கள். உரிப்பதும் கடினம், வாடையும் வரும். சோயாவில் உள்ள ஒரு நொதிப்பொருள், பச்சைக் கொட்டை நசுங்கியவுடன் அதிலுள்ள எண்ணெயைத் தாக்கி அந்த வாடையை உண்டாக்குகிறது. காயோடு கொதிநீரில் இட்டால் கொட்டை நசுங்கு முன்பே நொதி செத்துவிடும்.

பாத்திரத்தை மூடாதீர்கள். காயிலிருந்து எழும் புளிப்பு ஆவி வெளியேறினால்தான் பச்சை நிறம் நிற்கும். புளியோ எலுமிச்சையோ இப்போதே சேர்த்தால் கொட்டை ஆலிவ் நிறமாக மங்கிவிடும். நிறத்துக்காக ஆப்ப சோடா போடுகிறவர்கள் உண்டு. அதனால் பி-1 வைட்டமின் அழிகிறது. கண்ணுக்கு அழகாக இருக்கும், உடம்புக்கு நட்டம்.

கார வறுவல்

அம்மியில் காய்ந்த மிளகாய் ஆறு, மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பூண்டு ஆறு பல் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் கரகரவென்று நசுக்கிக்கொள்ளுங்கள். மையாக அரைத்தால் மசாலா சட்டியில் ஒட்டிக் கருகும். இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் இரண்டு கரண்டி விட்டு, கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையும் இரண்டாகக் கீறிய சின்ன வெங்காயம் பத்தும் போட்டு வதக்குங்கள். வெங்காயம் சிவக்கும்போது நசுக்கிய காரத்தைச் சேர்த்து, பூண்டின் பச்சை வாசம் போனதும் கொட்டையைக் கொட்டிக் கிளறுங்கள். வெந்த நீரிலேயே உப்பு ஏறியிருக்கும். ருசி பார்த்த பிறகே மேற்கொண்டு உப்பிட வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர் வீட்டில் வேகவைக்கும்போதே உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நிமிடம் வறுபட்டதும் இறக்கி, எலுமிச்சைச் சாறு சில துளி பிழியலாம். தேங்காய்த் துருவல் அவரவர் விருப்பம். அன்றே சாப்பிடுவதானால் சேர்க்கலாம், மறுநாள் காலைக்கு மீத்து வைப்பதானால் வேண்டாம். காய் வெந்து தயாராக இருந்தால் வறுவலுக்குப் பத்து நிமிடம் தாண்டாது.

பழைய சோற்றுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் இதைவிடப் பொருத்தமான துணையை நான் அறியேன். வேலை மிகுந்த நாளில் உரிக்கவும் நேரமில்லை என்றால், வேகவைத்த காயை அப்படியே அதே மசாலாவில் புரட்டி வையுங்கள். வேகவைத்த வேர்க்கடலையைத் தின்பதுபோலப் பிள்ளைகள் காயை வாயில் வைத்துக் கொட்டையை இழுத்துத் தின்பார்கள். தோல் நார் மிகுந்தது, அதைத் தின்னக் கூடாது. மாட்டுக்குப் போடுவதானால் மசாலாவில் புரட்டாத தோலையே போடுங்கள்.

இதில் என்ன இருக்கிறது?

வெந்த பச்சைக் கொட்டை 100 கிராமில் 11 முதல் 12 கிராம் புரதம் உண்டு. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கொட்டையை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு முட்டையின் புரதம் கிடைக்கும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு சோயாவில் நிறைய இருப்பதால், சோற்றோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. இறைச்சியும் முட்டையும் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வாங்கும் குடும்பத்தில், வளரும் பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல.

மூன்று எச்சரிக்கைகளை மட்டும் மறக்கவேண்டாம். சோயாவைப் பச்சையாகத் தின்னக் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, வேகும்போது அது செயலிழக்கிறது. சிலருக்குச் சோயா ஒவ்வாமை உண்டு. முதல் முறை சிறிதளவு கொடுத்துப் பார்த்துப் பிறகு பழக்குங்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம்: விதைக்காக வாங்கிய கொட்டை மீந்துபோனால் அதை ஒருபோதும் சமைக்காதீர்கள். சாயம் பூசிய விதை என்றால் பூஞ்சாண மருந்து கலந்தது என்றே கொள்ளவேண்டும். கோழிக்கும் போடக் கூடாது.

வீட்டுக்கு எவ்வளவு விதைக்கலாம்?

பருப்புக்கான சோயா இரகங்களின் காயையும் பச்சையாகப் பறித்து உண்ணலாம், கொட்டை சிறுத்திருக்கும், அவ்வளவே. காய்கறிக்கென்றே பெரிய கொட்டை இரகங்கள் நம் நாட்டிலும் உண்டு. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கருணே', ராஞ்சியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக மையம் வெளியிட்ட 'ஸ்வர்ண வசுந்தரா' இரண்டும் அத்தகையவை. விதை கிடைக்கும் வழியைப் பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு சென்ட் போதும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் சுமார் 1,350 செடி நிற்கும். பெரிய கொட்டையாதலால் அரைக் கிலோ விதை தேவைப்படும். அதையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் மூன்று பங்காக விதையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் முழுக்கச் சோயா, பிறகு ஒன்றுமில்லை என்றாகிவிடும். ஆடிப்பட்டமும் மாசிப்பட்டமும் ஏற்றவை.

நம் மண்ணில் கடலைக்கும் காராமணிக்கும் தாமாகவே வேர்முடிச்சு விழுகிறது. சோயாவுக்கு அப்படி விழாது. அதற்குரிய ரைசோபியம் நுண்ணுயிரைக் கேட்டு வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்யவேண்டும். கடலைக்கு வாங்கிய பொட்டலம் இதற்கு உதவாது. சென்ற ஆண்டு விதையையும் நம்பாதீர்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் சோயா விதையின் முளைப்புத் திறன் சில மாதங்களிலேயே குன்றிவிடும். ஈரத்துணியில் நூறு விதையை முளைக்கப் போட்டுப் பார்த்துவிட்டு விதையுங்கள்.

பச்சையாகப் பறித்து உண்ணும் பயிருக்குக் கடும் மருந்து அடிப்பது அடுப்பில் விஷத்தை ஏற்றுவதற்குச் சமம். அசுவினிக்கும் காய்ப்புழுவின் தொடக்கத்துக்கும் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். காய் பிடித்த பின் வேறு மருந்து தவிர்க்க முடியாமல் அடிக்க நேர்ந்தால், சீட்டில் உள்ள காத்திருப்பு நாள் கழியும் வரை பறிக்கக் கூடாது.

விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கடையில் விலை அதிகம் என்று கேள்விப்பட்டு அரை ஏக்கரில் போட்டுவிட்டு, ஒரு வாரப் பக்குவத்துக்குள் வாங்குவார் இல்லாமல் தவிக்கக் கூடாது. முதல் ஆண்டு வீட்டுக்கு மட்டும் போடுங்கள். மீறியதைப் பச்சைக் கொண்டைக்கடலையைச் செடியோடு விற்பதுபோலக் கட்டுக்கட்டாகக் கட்டி, மாலை நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலோ உழவர் சந்தையிலோ வைத்துப் பாருங்கள். ஒரு சட்டி வறுவலும் உடன் வைத்துச் சுவைக்கக் கொடுத்தால், வாங்குவோர் எத்தனை பேர் என்பது அந்த ஒரு மாலையிலேயே தெரிந்துவிடும். அடுத்த பட்டத்துக்கு எத்தனை சென்ட் என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். காய் பறித்த செடி இன்னும் பச்சையாகவே இருக்கும். ஒரு பொழுது வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து கறவை மாட்டுக்குக் கொடுக்கலாம்.