சிறுதேர் செய்த கைகள்: சங்கப் பாடல் முதல் பிள்ளைத்தமிழ் வரை

முன்னுரை

விளையாட்டு வண்டி எவ்வாறு உருவாகின்றது எனச் சிறுவர்க்கு விளக்கும் நூல்கள் அச்சுக் காலத்தில் தோன்றியவை. ஆயினும், அவ்வண்டியைச் செய்தவர் யார், அதன் அமைப்பு யாது என்னும் வினாக்களுக்குச் சங்கச் செய்யுள்களிலேயே விடை காணலாம். பிற்கால இலக்கிய மரபில் சிறுதேர் நிலைபெற, அதனைச் செய்தவன் மறைந்ததை இக்கட்டுரை விளக்குகின்றது.

தச்சனும் சிறுவரும்

தும்பிசேர்கீரனார் பாடிய குறுந்தொகை 61ஆம் பாடல், சிறுதேரைத் தச்சன் செய்த பொருளாகவே அறிமுகப்படுத்துகின்றது. அதில் ஏறிச் செல்ல இயலாது. எனினும் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர். தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவனது நட்பே போதும் என்னும் தோழி கூற்றுக்கு இஃது உவமையாகின்றது. தேரின் பயன் ஊர்தலில் இல்லை, ஈர்த்தலில் உள்ளது என்பதை உணர்ந்தே தச்சன் அதனைச் சிறிதாக அமைத்தான் எனலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதில் உழவர் புதல்வர் உருட்டும் தேர், தச்சரின் பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பெற்றதாகப் பொருள்கொள்வர். உளியையும் மரத்தையும் நாள்தோறும் காணும் பிள்ளைகள் எளிதில் வியந்துவிடார். அவர்களும் விரும்பினர் என்பது பொருளின் செய்ந்நேர்த்திக்குத் தரப்பட்ட சான்றாகும்.

மூன்று சக்கரங்களின் தேவை

அப்புலவரே பாடிய பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேர் இடம்பெறுகின்றது. உலரும் உணவைக் கவரவந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த கனங்குழை, அத்தேரின் வழியை மறிக்கின்றது. புகாரின் செல்வத்தைக் காட்டும் இக்காட்சி தொழில்நுட்பச் செய்தியையும் உட்கொண்டுள்ளது. மேடுபள்ளமான முற்றத்தில் நான்கு சக்கரங்களும் ஒருங்கே நிலத்தில் படிதல் அரிது. ஒன்று அந்தரத்தில் நிற்க, வண்டி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையுமாதலின் மூன்று சக்கரங்களும் தரையில் படியும். நடை பழகும் குழந்தைக்குத் தரப்படும் மர நடைவண்டி இன்றும் இவ்வமைப்பையே கொண்டுள்ளது.

பிள்ளைத்தமிழில் சிறுதேர்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகச் சிறுதேர் அமைகின்றது. இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் முற்பட்டதாகக் கருதப்படுவது ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ். அதே சோழ மன்னனிடம் அமைச்சராக இருந்தவர் எனப் போற்றப்படும் சேக்கிழார், தாம்பரத்திற்கு வடமேற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்தவர். அவரையே குழந்தையாக்கி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழ் இயற்றினார். எனவே இளந்திரையனின் தொண்டை நாட்டுச் சிறுதேர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நாட்டுப் புலவர் ஒருவர்க்கே உரியதாயிற்று.

இப்பருவத்தில் தேரை உருட்டுமாறு குழந்தையை வேண்டுதலே மரபு. பாட்டுடைத் தலைவனின் பெருமை முதன்மை பெறுவதால், தேரைச் செய்தவனைச் சுட்டும் தேவை அம்மரபுக்கு இல்லை. அகப்பாடலின் உவமைக்கோ தச்சன் தேவைப்பட்டான். பெரிய தேரையும் செய்யவல்ல அவன் சிறியதைச் செய்து தந்தான் என்பதிலேயே உவமையின் நயம் உள்ளது.

முடிவுரை

சூத்ரகரின் வடமொழி நாடகத்தில் பொன்வண்டி கேட்டு அழும் சிறுவனுக்குக் கிடைத்தது மண்வண்டியே. அந்நாடகத்தைத் தமிழாக்கிய பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனப் பெயரிட்டு, பழஞ்சொல்லைப் புத்துயிர்ப்பித்தார். சொல் இவ்வாறு தொடர்ந்து வாழ்ந்துள்ளது. செய்தவனின் பெயர்தான் தொடரவில்லை. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் போன்ற முயற்சிகள், பொருள்களின் தோற்றத்தையும் இயக்கத்தையும் சிறுவர்க்கு உரைநடையில் விளக்க வழிவகுத்தன. அவ்வழியில் எழுதப்பெறும் சிறுவர் நூல்கள் பொருளை மட்டுமன்றிச் செய்பவனையும் காட்டுமாயின், குறுந்தொகை தச்சனுக்குத் தந்த இடம் மீண்டும் வாய்க்கும்.