வீட்டு இணையத்துக்கும் ஒரு படலை வேண்டும்

வன்னிக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த 1990களை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுழற்றினோம். டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் றேடியோவை இயக்கி லண்டன் செய்தி கேட்டோம். அந்த அலை எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்கவில்லை. றேடியோ வைத்திருந்த எவரும் அதைக் கேட்கக் கூடியதாக இருந்தது.

இன்று எமது வீடுகளில் இருக்கும் சிறிய இணையப் பெட்டியும், அதாவது றவுட்டரும், ஒரு குட்டி வானொலி நிலையமே. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, பிள்ளைகளுக்காகக் கடன்பட்டு இதை வாங்கிய குடும்பங்கள் உண்டு. மீள்குடியேறிய வீடாயினும் சரி, சொந்தக் காணி இன்னும் கைக்கு வராமல் உறவினர் வளவில் போட்ட கொட்டிலாயினும் சரி, பெட்டி வெளிவிடும் வைபை அலை எங்கள் வேலியோடு நின்றுவிடாது. வயல்வெளி போன்ற திறந்த இடத்தில் அது 50 மீற்றருக்கு அப்பாலும் கிடைக்கலாம். தகரம் அலையைத் தடுக்கும். கிடுகும் பலகையும் அவ்வளவாகத் தடுக்கமாட்டா. ஆகவே தகரச் சுவர் வீட்டில் அறைக்குள் அலை எட்டாமல், வாசல் வழியே தெருவில் நன்றாகக் கிடைப்பதும் நடக்கும்.

தெருவில் நிற்பவர் எமது அலையைப் பிடித்தால் என்ன நட்டம்? முதலாவது, பணம். மாதம் முடியுமுன் டேட்டா முடிந்துவிட்டது என்று கம்பனியைத் திட்டுகிறோம். பிள்ளையின் பாடத்துக்கு வாங்கியதில் யாரோ இரவிரவாகப் படம் பார்த்திருக்கக் கூடும்.

இரண்டாவது, பெயர். இதுதான் பெரிது. பெட்டிக்குள் இருக்கும் சிம் எமது அடையாள அட்டையில் பதியப்பட்டது. அந்தப் பெட்டி வழியாகப் பத்துப் பேர் போனாலும், வெளியே தெரிவது ஒரே இணைப்புத்தான். யாரோ ஒருவர் அதன் வழியே பிறருடைய கணக்கை உடைத்தாலோ, சட்டம் தடுக்கும் ஒன்றைப் பதிவிட்டாலோ, விசாரணை முதலில் வருவது எமது வாசலுக்கு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. விசாரணையில் நாம் செய்யவில்லை என்று காட்டலாம்தான். ஆனால் அதுவரை அலைவது எப்படியிருக்கும் என்பதை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வங்கிக் கணக்கும் களவு போய்விடுமா என்று பலர் அஞ்சுகின்றனர். வங்கிச் செயலிகளும் வாட்ஸ்அப்பும் தமக்கென வேறு பூட்டு வைத்திருக்கின்றன. அலையைப் பிடித்தவுடன் காசை எடுத்துவிட முடியாது. ஆயினும் பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்துவிட்டால், எம்மைப் போலி இணையத்தளத்துக்குத் திருப்பிவிட வழி உண்டு.

பெட்டிக்கு இரண்டு கடவுச்சொற்கள் இருப்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்று வைபையில் சேர்வதற்கு. அது படலை. மற்றது பெட்டியின் அமைப்பை மாற்றுவதற்கு. அது வீட்டின் திறப்பு. பல பெட்டிகளில் இந்தத் திறப்பு, 'அட்மின்' என்ற ஒரே சொல்லாக, எல்லோருக்கும் தெரிந்ததாகவே வந்திருக்கிறது. 2016இல் 'மிராய்' என்ற தீய நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கமராக்களையும் றவுட்டர்களையும் கைப்பற்றியது. அதன் கையில் இருந்தது கம்பனிகள் போட்டுக் கொடுத்த ஏறத்தாழ 60 பெயர்-கடவுச்சொல் சோடிகள் மட்டுமே. அவற்றை மாற்றாதவர்களின் பெட்டிகளே அகப்பட்டன.

மாற்றுவது கடினமல்ல. கைத்தொலைபேசியை வைபையில் இணைத்துவிட்டுப் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் ஓர் இலக்கம் இருக்கும். அதை இணைய உலாவியில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு வைபைப் பகுதியில் 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.3' என்பதைத் தெரிவு செய்யுங்கள். முன்னது 2004இலும் பின்னது 2018இலும் வந்தவை. 'டபிள்யூ.ஈ.பி.' என்ற பழைய பூட்டு 2001இலேயே உடைக்கப்பட்டது. அது வேண்டாம். 'டபிள்யூ.பி.எஸ்.' என்றொன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு துண்டுகளாகச் சோதிக்கும் குறையால், கூடியது 11,000 தடவை முயன்றால் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இல் வெளிவந்தது. இவற்றைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாமல் பெற்றோரும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

இனிப் படலைக்குரிய சொல். எம்மவர் வழக்கமாகப் போடுவது தொலைபேசி இலக்கம். அது 07 என்று தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மீதி எட்டு இலக்கங்கள், அதாவது பத்துக் கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் கைத்தொலைபேசி வைபையில் சேரும் கணத்தை ஒருவர் பதிவு செய்துகொண்டு போனால், விளையாட்டுக் கணினி ஒன்றைக் கொண்டு சில நிமிடங்களில் அத்தனையையும் சோதித்து முடிப்பார். அடையாள அட்டை இலக்கமும் ஆகாது. இடம்பெயர்ந்த நாம் அதை எத்தனை நிவாரணப் பட்டியல்களில், எத்தனை படிவங்களில் எழுதிக் கொடுத்திருப்போம்! 'மடுமாதா'வுடன் பிறந்த ஆண்டைச் சேர்ப்போரும் உளர். மாதாவிடம் மன்றாடலாம், ஆனால் கடவுச்சொல்லாக வைத்தால் பங்கு முழுவதும் ஊகித்துவிடும்.

தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். உலக்கை, றெயில், பனங்காய், நூலகம் என்பது போல. (இதையே போட வேண்டாம், இச்சஞ்சிகை பல வீடுகளுக்குப் போகிறது.) எட்டு எழுத்து முதல் 63 எழுத்து வரை இடம் உண்டு. இருபதுக்கு மேல் இருந்தால் நல்லது. வைபையின் பெயரில் குடும்பப் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ வைக்காதீர்கள். பெண்கள் தனித்து வாழும் வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அயலவருக்குக் கொடுக்காமல் இருப்பதா என்று கேட்பீர்கள். கிணற்றைப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். அப்படிக் கேட்பது நியாயமே. பல பெட்டிகளில் 'கெஸ்ட்' என்ற விருந்தினர் இணைப்பு உண்டு. அதற்கு வேறு கடவுச்சொல் போட்டு, நாம் அறிந்தவருக்குக் கொடுக்கலாம். டேட்டாவும் பெயரும் அப்போதும் எம்முடையவைதான் என்பதை மறக்காமல் கொடுங்கள். கலியாணம், செத்த வீடு என்று ஆட்கள் வந்துபோன பின் அதை மாற்றிவிடுங்கள். ஒருமுறை கொடுத்த சொல் அவர்களின் தொலைபேசியில் தங்கிவிடும். எமது அலுவலகத்திலும் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். மூன்று வருடமாக அதுவே இருந்தது என்பதை இக்கட்டுரை எழுதும்போதுதான் கவனித்தோம். கிழித்துவிட்டோம்.

பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் ஒரு துவாரம் உண்டு. அதைச் சில விநாடி அழுத்தினால் நாம் மாற்றிய எல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் பெட்டியை விறாந்தையில் வையாமல் உள்ளே வையுங்கள். விற்கும்போதும் வேறொருவருக்குக் கொடுக்கும்போதும் நாமே அதை அழுத்திச் சிம்மையும் எடுத்துவிட வேண்டும். ஏமாற்றம் நடந்துவிட்டால் இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

புதிய கடவுச்சொற்கள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைப்பதில் தவறில்லை. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் பையிலேயே அதையும் வையுங்கள், பெட்டியின் அடியில் மட்டும் ஒட்டாதீர்கள்.