சோற்றைக் கண்டதும் அடங்கும் செல்கள்

1912-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வாஷ்பர்ன் என்ற மாணவர் ஒரு பலூனை விழுங்கினார். அவருடைய பேராசிரியர் வால்டர் கேனன் பசியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் போன பலூனில் சிறிது காற்றை ஏற்றி, அதன் குழாயைப் பதிவுக் கருவி ஒன்றோடு இணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கருவியின் முள் ஏறி இறங்கியது. பசி கிள்ளும்போதெல்லாம் வாஷ்பர்ன் ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டும் பொருந்தி வந்தன. இரைப்பையின் சுருக்கம்தான் பசி என்று கேனன் முடிவு கட்டினார்.

அந்த முடிவு நிலைக்கவில்லை. நோய் காரணமாக இரைப்பையை முழுவதுமாக அகற்றியவர்களுக்கும் பசித்தது.

ஆராய்ச்சியாளர்களின் கவனம் மூளைக்குத் திரும்பியது. மூளையின் அடித்தளத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியின் நடுப்புறத்தைச் சிதைத்தால் எலிகள் கண்மண் தெரியாமல் பருக்கின்றன என்று 1940-ல் ஹெதரிங்டன், ரான்சன் இருவரும் காட்டினார்கள். 1951-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோபெக்குடன் வேலை செய்த இந்தியரான பால் கிருஷ்ண ஆனந்த், அதே ஹைப்போதலாமஸின் பக்கவாட்டைச் சிதைத்துப் பார்த்தார். எலிகள் சாப்பிடுவதை அடியோடு நிறுத்தின; எதிரே இரை கிடக்கப் பட்டினியால் செத்தன. ஆனந்த் பின்னர் டெல்லி எய்ம்ஸின் உடலியங்கியல் துறைக்குத் தலைமை ஏற்றார். யோகிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தவரும் இவரே.

பசியைத் தூண்ட ஒரு மையம், அடக்க ஒரு மையம் என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டன. ஆனால் உடம்பில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பது மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு எப்படித் தெரிகிறது?

இதற்கு விடை தேடிய டக்ளஸ் கோல்மனின் சோதனையைவிட நேர்த்தியான ஒன்றை இந்தத் துறையில் காட்டுவது கடினம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் இரண்டு வகைக் குண்டுச் சுண்டெலிகள் இருந்தன. ஒருவகைக்கு ‘ஓபி’ என்றும் மற்றதற்கு ‘டிபி’ என்றும் பெயர். வெவ்வேறு மரபணுக் கோளாறு, ஆனால் ஒரே பெருந்தீனி. கோல்மன் இரண்டிரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதில் கலக்கும்படி செய்தார். டிபி எலியோடு தைக்கப்பட்ட சாதாரண எலி சாப்பிடாமல் மெலிந்து இறந்தது. டிபியோடு தைக்கப்பட்ட ஓபி எலிக்கும் அதே கதிதான். சாதாரண எலியோடு சேர்ந்த ஓபியோ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது.

அவர் போட்ட கணக்கு இது: ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலியால் அதைத் தயாரிக்க முடியவில்லை. டிபி எலியோ அதை ஏராளமாகத் தயாரிக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அது கேட்பதில்லை. உடற்பருமன் வெறும் நடத்தைக் கோளாறு என்று நம்பியிருந்த காலத்தில் இதை எளிதாக யாரும் ஏற்கவில்லை. 1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு ஓபி மரபணுவைக் கண்டுபிடித்தபோது கோல்மனின் கணக்கு சரியாகிவிட்டது. அந்தப் பொருள் லெப்டின். கொழுப்புச் செல்களே அதைச் சுரக்கின்றன.

மனிதர்களிலும் இதே குறை உண்டு என்பதை 1997-ல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலியின் குழு கண்டது. உறவுக்காரக் குழந்தைகள் இருவர். மூத்தவளுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. அவளுக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஓர் ஆண்டில் 16 கிலோ குறைந்தது. உலகமே மெலிந்துவிடும் என்று மருந்து நிறுவனங்கள் கனவு கண்டன. ஆனால் பருமனானவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

அந்தச் செவி எது? ஹைப்போதலாமஸின் அடியில் ஏஜிஆர்பி செல்கள் என்ற ஒரு சிறு கூட்டம் உள்ளது. லெப்டின் வந்தால் இவை அடங்கும். வயிறு காலியாகும்போது சுரக்கும் கிரெலின் வந்தால் துடிக்கும். 2011-ல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தில் ஸ்காட் ஸ்டெர்ன்சன் குழு, ஒளி பட்டால் இயங்கும்படி இந்தச் செல்களை மாற்றி, எலியின் மூளைக்குள் மெல்லிய ஒளியிழையைச் செருகியது. வயிறு நிறையத் தின்றிருந்த எலி, விளக்கைப் போட்ட சில நிமிடங்களில் பஞ்சத்தில் அடிபட்டதைப் போல மறுபடி தின்னத் தொடங்கியது. விளக்கை அணைத்ததும் ஓய்ந்தது.

இயல்பாகப் பசித்த எலியில் இவை என்ன செய்கின்றன? சாப்பிடச் சாப்பிட மெல்ல அடங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2015-ல் சான் பிரான்சிஸ்கோவில் சக்கரி நைட் குழு நேரடியாகப் பதிவுசெய்தபோது நடந்ததே வேறு. உணவு கண்ணில் பட்டு மணம் மூக்கை எட்டிய சில நொடிகளில், முதல் வாய் வைப்பதற்கு முன்பே செல்கள் அடங்கிவிட்டன. உணவு எவ்வளவு ருசியானதோ அவ்வளவு ஆழமாக அடங்கின. உணவை அகற்றியதும் மீண்டும் துடித்தன. மூளை, வரப்போகும் சாப்பாட்டை முன்கூட்டியே வரவு வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் எலி ஏன் தொடர்ந்து தின்கிறது? உணவு வருவதற்கு முன்பு அந்தச் செல்கள் துடித்த துடிப்பின் விளைவு, அவை ஓய்ந்த பிறகும் பல நிமிடங்கள் நீடிக்கிறது என்று அதே குழு அடுத்த ஆண்டு காட்டியது. மேலும், அந்த முன்வரவு உறுதியாக வேண்டுமானால் குடலுக்கு உண்மையிலேயே சத்து போய்ச் சேர வேண்டும். கலோரி இல்லாத ஜெல்லைத் தந்து ஏமாற்றினால் செல்கள் முதலில் அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பக் குரல் கொடுக்கின்றன. சர்க்கரை இல்லாத பானத்தைக் குடித்த பிறகும் பசி தீராதவர்கள் இதைப் படித்துத் தலையாட்டக்கூடும்.

நிறுத்தும் வேலை பெரும்பாலும் பின்மூளையில் நடக்கிறது. இரைப்பை விரிந்ததை வேகஸ் நரம்பு அங்கே சொல்கிறது. குடலின் ஹார்மோன்களும் அங்கே போய்ச் சேர்கின்றன. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் நினைவு கைவிட்டால் வயிறு தோற்றுப்போகிறது. உளவியலாளர் பால் ரோசின் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், கடும் மறதி நோய் உள்ள இருவர் மதியச் சாப்பாடு முடித்த அரைமணி நேரத்துக்குள் இன்னொரு சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டார்கள். மூன்றாவதை வைத்தபோதும் பெரும்பாலும் கை வைத்தார்கள்.

ஆரோக்கியமானவர்களையும் இந்த அமைப்பு ஏமாற்றும். 2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் வெகுவாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் தந்தார். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

2025-ல் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்ட எடை குறைப்பு ஊசிகள் கைவைப்பது இந்தச் சுற்றுகளின் மேல்தான். செமாகுளுடைட் என்ற மருந்து குடலின் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல நடித்து, பின்மூளைக்கும் ஹைப்போதலாமஸுக்கும் ‘போதும்’ என்று வாரம் முழுவதும் சொல்கிறது. நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு நின்றுவிட்டதாகப் போட்டுக்கொண்டவர்கள் பலர் சொல்கிறார்கள். ஊசியை நிறுத்தினால்? ஒரு பெரிய மருத்துவ ஆய்வின் தொடர்ச்சியில், நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கொழுப்பு கரைந்தால் லெப்டினும் குறையும். ஏஜிஆர்பி செல்களுக்கு அது பஞ்சம் வந்ததற்கான அறிவிப்பு. அதனால் இதை ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போல நெடுங்காலம் தொடர வேண்டிய மருந்தாகவே மருத்துவர்கள் பலர் இப்போது கருதுகிறார்கள்.