பந்து கையில் பட்டாலே குற்றமா? சிறுவர் காற்பந்தில் நடுவர் எதைப் பார்க்கிறார்?

தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான போட்டியானாலும் சரி, வட்டார அளவிலான 12 வயதுக்குட்பட்டோர் போட்டியானாலும் சரி, திடலோரத்தில் அடிக்கடி எழும் குரல் "ஹேண்ட்பால்!" என்பதுதான். பந்து ஒரு சிறுவனின் கையில் பட்டவுடன் ஒரு பக்கத்துப் பெற்றோர் பினால்டி கேட்கிறார்கள். "வேணும்னு தொடல, பந்துதான் வந்து பட்டுச்சு" என்று மறுபக்கத்தினர் வாதிடுகிறார்கள்.

இத்தகைய ஆட்டங்களில் விசில் ஊதுபவர் பெரும்பாலும் அனுபவம் குறைந்த இளம் நடுவராக இருப்பார். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டங்களைப் போல காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. ஒரே ஒரு முறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இந்த வாக்குவாதங்களில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பந்து கையில் பட்டதா? பட்டது குற்றமா? குற்றம் என்றால் அட்டை காட்ட வேண்டுமா? இம்மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

அப்பா காலத்து விதி

காற்பந்து விதிகளை வகுப்பது ஐஃபாப் எனப்படும் அனைத்துலகக் காற்பந்துச் சங்க வாரியம். 1886-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்த அமைப்பு வெளியிடும் விதிகளில், கையால் பந்தைத் தொடுவது பற்றிப் பேசுவது 12ஆவது விதி.

2019 வரை இந்த விதி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது. ஆட்டக்காரர் வேண்டுமென்றே தொட்டாரா, இல்லையா? இன்று திடலோரத்தில் நிற்கும் பெற்றோரில் பலர் ஆடிப் பழகியது அந்தக் காலத்தில்தான். "வேணும்னு தொடல" என்றால் பேச்சு முடிந்துவிடும் என்று அவர்கள் நினைப்பதற்கு அதுவே காரணம்.

2019-இல் விதி விரிவாக மாற்றி எழுதப்பட்டது. கை தோள் உயரத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகக் குற்றம் என்பன போன்ற வரையறைகள் வந்தன. அவை புதிய குழப்பங்களைக் கிளப்பவே, 2021-இல் விதி மீண்டும் சுருக்கப்பட்டது. பந்து கையில் படும் ஒவ்வொரு முறையும் குற்றமாகாது என்பது அப்போது தெளிவாக எழுதப்பட்டது.

கை எங்கே தொடங்குகிறது?

விதியின்படி, அக்குளின் அடிப்பகுதிக்கு நேரான இடத்திலிருந்து கீழே உள்ள பகுதிதான் கை. தோள்பட்டையில் பந்து பட்டால் அது ஹேண்ட்பால் அல்ல. சட்டைக் கையின் மேற்பகுதியில் பட்டதற்கெல்லாம் பினால்டி கேட்பது சரியல்ல.

எப்போது குற்றம்?

தற்போதைய விதியில் மூன்று சூழ்நிலைகள் குற்றமாகும்.

முதலாவது, வேண்டுமென்றே தொடுவது. கை பந்தை நோக்கி நகர்ந்தால் அது இதில் அடங்கும். 1986 உலகக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜெண்டினாவின் மரடோனா கையால் தட்டிப் போட்ட கோல் இதற்கு உலகறிந்த உதாரணம். நடுவர் கண்ணில் அது படவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்குவது. இங்கே நோக்கம் தேவையில்லை. அந்த நேரத்தில் அந்த ஆட்டக்காரர் செய்துகொண்டிருந்த அசைவுக்குக் கை அங்கே இருக்க வேண்டிய அவசியம் உண்டா என்பதே கேள்வி. அவசியமின்றிக் கையை விரித்து வைத்திருப்பவர், பந்து படக்கூடும் என்ற ஆபத்தைத் தாமாகவே ஏற்றுக்கொள்கிறார்.

மூன்றாவது, கோல் அடிப்பது தொடர்பானது. பந்து தாக்குதல் ஆட்டக்காரரின் கையில் தற்செயலாகப் பட்டு நேராக வலைக்குள் போனாலும், கையில் பட்ட உடனேயே அவர் கோல் அடித்தாலும் அந்தக் கோல் செல்லாது. ஆனால், சக ஆட்டக்காரரின் கையில் தற்செயலாகப் பட்டு வந்த பந்தை இன்னொருவர் கோலாக்கினால் அது செல்லும். இதுவும் 2021-இல் வந்த மாற்றமே.

சிறுவர்களின் கை ஏன் விரிகிறது?

உண்மையான சிக்கல் இரண்டாவது சூழ்நிலையில்தான் இருக்கிறது. ஒன்பது பத்து வயதுச் சிறுவர்கள் சட்டெனத் திரும்பும்போதும், வழுக்கும்போதும், காலை நீட்டும்போதும் உடலின் சமநிலைக்காகக் கைகளை விரிக்கிறார்கள். குதிக்கும்போது கை தானாகவே மேலே எழுகிறது. பெரியவர்களிடம் இருக்கும் உடல் கட்டுப்பாட்டை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தற்காக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை.

தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டால் இது இன்னும் விளங்கும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து வினாடிக்கு 15 மீட்டர் செல்லும். 2 மீட்டர் தூரத்தில் நிற்பவரை அது ஏறக்குறைய 0.13 வினாடியில் வந்தடைந்துவிடும். கண்ணால் பார்த்து உடலை அசைக்க வளர்ந்தவர்களுக்கே சுமார் 0.2 வினாடி வேண்டும். சிறுவர்களுக்கு இன்னும் சற்று அதிகம். அவ்வளவு அருகிலிருந்து வரும் பந்துக்குச் சிறுவன் கையை நீட்டியிருக்கவும் முடியாது, விலக்கியிருக்கவும் முடியாது.

அதனால்தான் அனுபவமுள்ள நடுவர்கள் பந்து பட்ட கணத்தை மட்டும் பார்ப்பதில்லை. பந்து வருவதற்கு முன்பே கை எங்கே இருந்தது என்பதைக் கவனிக்கிறார்கள். ஓடும் சிறுவனின் இடுப்பருகே ஆடிக்கொண்டிருந்த கை, தன் முழங்காலில் பட்டு எகிறிய பந்து, கீழே விழும்போது தரையில் ஊன்றிய கை ஆகியவற்றில் பொதுவாக விசில் ஊதப்படுவதில்லை. மாறாக, கோலை நோக்கி வரும் உதையின் முன் இரு கைகளையும் அகல விரித்து நிற்கும் சிறுவனுக்குத் தூரம் குறைவு என்ற ஒரே காரணம் உதவாது.

முகத்துக்கு நேராக வரும் பந்தைக் கண்டு பயந்து கையை உயர்த்துவது சிறுவர் ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும். இதற்கு விதியில் தனி விலக்கு எதுவும் இல்லை. ஒதுங்குவதற்கு நேரம் இருந்ததா, அது வெறும் அனிச்சைச் செயலா என்பதை நடுவர்தான் எடைபோட வேண்டும்.

பினால்டியும் அட்டையும் ஒன்றல்ல

தன் பினால்டி பகுதிக்குள் இந்தக் குற்றத்தைச் செய்தால் பினால்டி, மற்ற இடங்களில் நேரடி ஃப்ரீ கிக். அட்டை தானாகவே பின்தொடர்வதில்லை.

வேண்டுமென்றே கையால் தடுத்து எதிரணியின் உறுதியான கோல் வாய்ப்பைப் பறித்தால் சிவப்பு அட்டை. 2010 உலகக் கிண்ணக் காலிறுதியில் கானாவின் கோலைக் கோட்டில் நின்று கையால் தடுத்த உருகுவேயின் சுவாரெஸ் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். ஆனால், உள்நோக்கமின்றிக் கை விரிந்திருந்ததால் அத்தகைய வாய்ப்பு தடைபட்டுப் பினால்டி வழங்கப்பட்டால், மஞ்சள் அட்டை போதும் என்று 2024-இல் விதி தளர்த்தப்பட்டது.

இந்த மாற்றம் சொல்லும் செய்தி சிறுவர் காற்பந்துக்கு மிகவும் பொருந்தும். பினால்டி கொடுக்கப்பட்டதாலேயே அந்தப் பிள்ளை ஏமாற்றிவிட்டான் என்று பொருளல்ல. கை இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு புரியாததால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான். அந்தப் பினால்டியால் அணி தோற்றால், பத்து வயதுச் சிறுவன் தன்னை எல்லாரும் ஏமாற்றுக்காரன் என்று நினைப்பதாக எண்ணிக் குமைந்து போவான். "உன்மேல் தப்பான எண்ணம் இல்லை, கை விரிந்திருந்தது, அடுத்த முறை கவனமாக இரு" என்று பயிற்றுநர் அப்போதே சொல்லிவிட்டால் அவன் மறுவாரம் தயக்கமின்றித் திடலுக்கு வருவான். பயிற்சியிலும், உதை வரும்போது கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு நகரப் பழக்கலாம்.

இளம் நடுவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கூட்டத்தின் குரலைக் கேட்டு ஊதாமல், ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, கை முன்பே எங்கே இருந்தது என்பதை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். "கை இயல்பாக இருந்தது, ஆடுங்கள்" என்று உரக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கும் காரணம் புரியும்.

பெற்றோர் செய்ய வேண்டியது அதைவிட எளிது. அடுத்த முறை "ஹேண்ட்பால்!" என்று கத்துவதற்கு முன், அந்தப் பிள்ளை தம் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.