ஒரே ஊரில் மூன்று ஜெப ஆலயங்கள்
கொல்கத்தா போனால் மூன்று யூத ஜெப ஆலயங்களைப் பார்க்கலாம்: நெவே ஷாலோம், 1856-ன் பெத் எல், 1884-ன் மேகன் டேவிட். சின்னச் சமூகத்துக்கு எதற்கு மூன்று, உட்பூசலா என்று கேட்கத் தோன்றும். ஓய்வுநாளில் வண்டி ஏறுவது யூத மரபில் விலக்கு; அதனால் நடைதூரத்தில் ஆலயம் வேண்டும் என்பார்கள். ஆனால் மூன்றும் அருகருகேதான். நெவே ஷாலோமை ஒட்டியே செங்கல் சிவப்பும் கூர்கோபுரமுமாக மேகன் டேவிட் நிற்கிறது, முதல் பார்வைக்குக் கிறிஸ்தவ தேவாலயம் போல! அதைத் தந்தையின் நினைவாகக் கட்டியவர் எஸ்ரா குடும்பத்து வணிகர். ஆக, பூசலைவிடப் பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகர்களின் பெருக்கமும் செல்வமுமே பொருந்தும் காரணம். முழு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இன்று அங்கே அத்தனை பேர் சேர்வதே அரிது. ஆலயங்களைத் தலைமுறைகளாகப் பராமரிப்பவர்கள் முஸ்லிம்கள். பார்க்கப் போகிறவர்கள் முன்அனுமதி கேட்டுச் செல்லுங்கள்.