உஷார்! தாஷ்கண்டுக்கு ‘இரண்டரை மணி நேரம்’ என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்

பிள்ளையை டாக்டருக்குப் படிக்க உஸ்பெகிஸ்தானுக்கோ கஜகஸ்தானுக்கோ அனுப்பியிருக்கும் பெற்றோரே, லீவுக்கு டிக்கெட் போடுமுன் கொஞ்சம் நில்லுங்கள்.

டெல்லியிலிருந்து சென்னை சுமார் 1,760 கி.மீ. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் அதைவிடப் பக்கம். சுமார் 1,580 கி.மீ.தான். இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரத்தையும் நேரத்தையும் கொட்டும் வலைத்தளங்கள், ‘இரண்டரை மணி நேரம்’ என்று அடித்துச் சொல்லும். உருண்டை பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டை இழுத்து, அதை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்த கணக்கு அது. அந்தக் கோடு யாருடைய வானத்தில் போகிறது என்ற கவலை அதற்கு இல்லை.

பாகிஸ்தான் வானத்தில் போகிறது!

பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது பாகிஸ்தான். பிறகு மாதா மாதம் நீட்டிப்பு. மூடிய சில நாட்களிலேயே டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கும், கஜகஸ்தானின் அல்மாட்டிக்கும் போன சேவைகளை இண்டிகோ நிறுத்திவிட்டது. அரபிக்கடல், ஈரான் என்று சுற்றிக்கொண்டு போக அதன் விமானங்களுக்கு எட்டவில்லை. சென்னையைவிடப் பக்கத்து ஊர், டெல்லியிலிருந்து அதற்கு எட்டாத ஊரானது. 1966இல் இந்தியாவும் பாகிஸ்தானும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது இதே தாஷ்கண்டில்தான் என்பது தனிக் கொடுமை.

இந்தத் தடை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இல்லை. அதனால் அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே, எந்த நாட்டு விமானம் என்பதைப் பொறுத்து வழியும் மாறும், நேரமும் மாறும். வலைத்தளம் காட்டும் ஒற்றை எண்ணை எங்கே பொருத்துவது?

கடிகாரத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அல்மாட்டி முன்பு நம்மைவிட அரை மணி முன்னால் இருந்தது. 2024 மார்ச் 1 முதல் கஜகஸ்தான் முழுவதையும் ஒரே நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அரை மணி பின்னால். பழைய பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் முழுசாக ஒரு மணி நேரம் பிசகும்.

பெரிய அடி விழுவது டெல்லியில். பிள்ளை ஊர் திரும்ப, காசு குறைகிறதே என்று டெல்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் என்று போடுகிறார்கள். இறங்கியதும் இமிக்ரேஷன் வரிசை, பெல்ட்டில் பெட்டிக்குக் காத்திருப்பு, கஸ்டம்ஸ். சென்னை விமானம் டெர்மினல் 1 என்றால், வெளிநாட்டு விமானம் வந்து இறங்கும் டெர்மினல் 3இலிருந்து பெட்டி படுக்கையோடு ரோடு வழியாக இன்னொரு பயணம். செக்-இன் கவுன்ட்டரோ ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. புது டிக்கெட்டுக்கு அன்றைய விலை உங்கள் தலையில்தான்.

ஆகவே ஏஜென்ட்டிடம் ‘எவ்வளவு தூரம்’ என்று கேட்காதீர்கள். எந்தக் கம்பெனி, நேர் விமானமா, சென்னை வரை ஒரே முன்பதிவு எண்ணா (பி.என்.ஆர்), டெல்லியில் எந்த டெர்மினல் என்று கேளுங்கள். தனி டிக்கெட்தான் வழி என்றால் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். கிளம்பும் முந்தின நாள் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.