மூளைக்குள் ஒரு "செக்கிங்"!

பாட்டி இப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "எனக்கு யாரும் சோறு போடலையே, கண்ணு" என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஆனால், பாட்டி பொய் சொல்லவில்லை. இது மறதி நோயாக இருக்கலாம்.

நூல் சிக்கு

1906-ம் ஆண்டு அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர், இந்த நோயால் இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து கூறினார். நரம்பு செல்களுக்குள் நூல் சிக்கு விழுந்தது போல நார்கள் கிடந்தனவாம். நோய்க்கே அவர் பெயர் வந்துவிட்டது. அந்தச் சிக்கு, "டாவ்" என்ற புரதம் என்று பின்னால் தெரிந்தது.

பழுதான புரதத்தை உடம்பு சும்மா விடுவது இல்லை. எப்படிக் கழிக்கிறது?

திருப்பூர்க்காரர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்கள் ஒவ்வொரு பீசாகப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிறார்கள். வேஸ்ட் துணி மெஷினில் கிழிபட்டுப் பஞ்சாகிறது. பஞ்சு மறுபடியும் நூலாகிறது.

செல்லுக்குள்ளும் இதே வேலைதான்! அங்கே ஸ்டிக்கரின் பெயர் யுபிக்விட்டின். அது ஒட்டிய புரதம் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. துண்டுகளில் இருந்து புதுப் புரதம் உண்டாகிறது. இதைக் கண்டுபிடித்த சிக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு கை மருந்து

மூளையில் சில புரதங்கள் இந்த செக்கிங்குக்குத் தப்பிவிடுகின்றன. அவற்றைப் பிடிக்க ஒரு புது வகை மருந்து தயாராகிறது. அதற்கு இரண்டு கை. ஒரு கை கெட்ட புரதத்தைப் பிடிக்கிறது. மறு கை, ஸ்டிக்கர் ஒட்டும் ஆளை இழுத்து வருகிறது. மருந்து தானாக எதையும் அழிப்பது இல்லை. ஆளைப் பழுதின் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது, அவ்வளவுதான்!

2019-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், டாவ் கெட்டுப்போன நோயாளிகளின் செல்களில் இருந்து வளர்த்த நரம்பு செல்களில் இதைச் சோதித்தார்கள். டாவ் குறைந்தது. நோய் இல்லாதவர்களின் செல்களில் டாவை அது அதிகம் தொடவில்லை. இதுதான் மகிழ்ச்சியான செய்தி.

கஷ்டமும் உண்டு. இரண்டு கை இருப்பதால் மருந்தின் உருவம் பெரிது. ரத்தத்தில் இருந்து மூளைக்குள் நுழையும் வழியோ குறுகலானது. கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோயோடு தொடர்பு உள்ள ஒரு புரதத்துக்காக, ஆர்வினாஸ் என்ற அமெரிக்க கம்பெனி இப்படி ஒரு மருந்து செய்தது. வாயால் விழுங்கும் அந்த மருந்தை முதலில் நோய் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். முதுகுத் தண்டு நீரில் அந்தப் புரதம் குறைந்தது என்று 2025-ல் அறிவித்தார்கள். நோய் குணமாகுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

ஆகவே, இந்த மருந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் மறதி வரும். அவற்றுக்கு மாத்திரையும் ஊசியும் நம் ஊரிலேயே இருக்கின்றன.